மொட்டைக் கோயிலில் இரண்டு வேட்டிகள்

தேனி கடைவீதியில் குருசாமியின் ஜவுளிக் கடையும் ஞானசிகாமணியின் ஜவுளிக் கடையும் எதிரெதிரே இருந்தன. இந்தக் கல்லாவில் உட்கார்ந்தால் அந்தக் கல்லா தெரியும். நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டேதான் இருவரும் ஒரு வருஷமாகப் பேசாமல் இருந்தார்கள்.

சண்டை எழுபத்தேழாம் வருஷத்து வீரபாண்டித் திருவிழாவில் தொடங்கியது. அந்த வருஷம் குருசாமி திருவிழாக் கூட்டத்தில் துணி விற்கப் பந்தல் போட்டு ஒலிபெருக்கியும் கட்டியிருந்தார். ‘எங்கள் கடை வேட்டி சுருங்காது. எதிர்க்கடையில் வேட்டி வாங்குகிறவர்கள் தனியாகத் துண்டு வாங்க வேண்டாம். ஒரு சலவையில் வேட்டியே துண்டாகிவிடும்’ என்று ராகம் போட்டு அறிவித்தார். கூட்டம் சிரித்தது. கூட்டத்தில் நின்ற ஞானசிகாமணி சிரிக்கவில்லை. மறுவாரமே குருசாமி கடையில் ஆள் விட்டு ஒரு வேட்டி வாங்கி, அதைத் தன் கடை வாசலில் கட்டித் தொங்கவிட்டு, வருகிறவர்களையெல்லாம் அதன் வழியாகத் தெருவைப் பார்க்கச் சொன்னார். தெரு நன்றாகத் தெரிந்தது. பஸ்ஸில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைக்கூடப் படிக்க முடிந்தது என்று சொல்லிக்கொண்டார்கள்.

இவர்கள் சண்டை வீட்டுக்குள் வரவில்லை. குருசாமி மனைவி அன்னத்தாயும் ஞானசிகாமணி மனைவி ஜெபராணியும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். பொங்கலுக்கு அங்கிருந்து இங்கே பாத்திரம் வரும், கிறிஸ்துமஸுக்கு அதே பாத்திரம் முறுக்கோடு திரும்பிப் போகும்.

அன்னத்தாய்க்குப் பிறந்த ஊர் மயிலாடும்பாறைப் பக்கம். அங்கே காட்டுக்குள் ஒரு பெரிய பாறைமேல் பழைய கோயில் ஒன்று இடிந்து கிடந்தது. கோபுரம் இல்லாததால் அதற்கு மொட்டைக் கோயில் என்று பேர். கருவறையில் சாமியும் இல்லை. ஆனால் தூண்களில் சிலைகள் இருந்தன. அதைப் பற்றி அன்னத்தாய் சொல்லச் சொல்ல, ஜெபராணிக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

“கத்திரி வெயில்ல அங்கன போறதுன்னா போற மாதிரி போகணும் ஜெபா,” என்றாள் அன்னத்தாய், குடத்தை விளக்கிக்கொண்டே. “விடியுமுன்ன கெளம்பிறணும். வெயிலு ஏறுறதுக்குள்ள பாறைய விட்டு எறங்கிறணும். நூல் சேலதான் கட்டணும். மோருல உப்புப் போட்டு ஒரு தூக்குவாளி, தண்ணி ஒரு பானை. மேல போயி வயிறு முட்டத் திங்கக்கூடாது, கெறக்கம் வந்துரும். சோறெல்லாம் கீழ கெணத்தடியில வச்சுத்தான்.”

“செருப்புப் போட்டுக்கிட்டுப் போலாமாக்கா?”

“சாமி இல்லாத கோயிலு, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக. இருந்தாலும் மனசு கேக்காதுல்ல. கழட்டிப் பையில போட்டுக் கையிலயே வச்சுக்கணும். கீழ மட்டும் விட்டுட்டுப் போயிறக் கூடாது. காலையில பாறை சில்லுன்னுதான் இருக்கும். திரும்பி வரயில தோசைக்கல்லு கணக்கா இருக்கும்.”

இரண்டு பெண்களும் இதைத் தங்கள் கணவர்களிடம் அப்படியே சொன்னார்கள். கூட இன்னொரு குடும்பம் வருகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

திருவிழா வியாபாரம் முடிந்து கடைவீதி ஓய்ந்திருந்த ஒரு நாள் விடியற்காலையில், தங்கபாண்டி ஓட்டிவந்த வாடகை வேன் முதலில் ஞானசிகாமணி வீட்டு வாசலில் நின்றது. அவர் ஏறி உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே வேன் கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. குருசாமி ஏறினார். உள்ளே இருந்தவரைப் பார்த்தார். இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் எதிராளியைக் கண்டு இறங்கினால் அவனுக்குப் பயந்த மாதிரி ஆகுமே என்று உட்கார்ந்துவிட்டார். ஞானசிகாமணியும் அதே காரணத்துக்காக அசையாமல் இருந்தார். இரண்டு பெண்களும் ஜன்னலுக்கு வெளியே மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

இருவரும் ஒரே மாதிரி உடுத்தியிருந்தது இன்னும் சங்கடமாக இருந்தது. வெளியூர் போகிறோம், நாலு பேர் பார்ப்பார்கள் என்று ஆளுக்கொரு டெரிலின் முழுக்கைச் சட்டை. குருசாமியுடையது ஊதா, ஞானசிகாமணியுடையது பிஸ்தாப் பச்சை. இடுப்பில் அவரவர் கடையின் முதல்தரமான எட்டு முழ வேட்டி. துண்டு போட்டால் சட்டையின் கலர் மறையும் என்று இருவருமே துண்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

“நூல் சட்டை எடுத்து வச்சேன்ல,” என்று அன்னத்தாய் மெதுவாகக் கேட்டாள்.

“நாம என்ன ஆடு மேய்க்கவா போறோம்,” என்றார் குருசாமி, சத்தமாக.

பாறையடிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் மரங்களைத் தாண்டவில்லை. காற்று குளுமையாக இருந்தது. பாறையில் படி வெட்டியிருந்தார்கள். அன்னத்தாய் தன் செருப்பையும் ஜெபராணியின் செருப்பையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஆண்கள் பக்கம் பையை நீட்டினாள்.

“கோயிலுக்குள்ள செருப்ப மூட்டை கட்டிக்கிட்டுப் போறதா? வெளங்கிரும்,” என்று சொல்லிவிட்டுக் குருசாமி தன் செருப்பை முதல் படி ஓரத்தில் கழற்றிவிட்டார்.

ஞானசிகாமணி செருப்போடு ஏறத்தான் கால் எடுத்துவைத்தார். பிறகு யோசித்தார். வேதக்காரர் கோயிலுக்குள் செருப்புப் போட்டு நடந்தார் என்று இந்த ஆள் நாளைக்கு மைக் வைத்துச் சொன்னாலும் சொல்வான். அவரும் கழற்றி, குருசாமியின் செருப்புக்குப் பக்கத்தில், அதைவிட ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். “போங்க, நான் சொன்னாக் கேக்கவா போறீக,” என்று அன்னத்தாய் பையை மடித்துக்கொண்டாள்.

படி ஏறி முடிந்ததும் மேலே திடல் போல அகலமான மொட்டைப் பாறை. அதைத் தாண்டி அந்தக் கடைசியில் கோயில். பாதி மண்டபத்துக்குக் கூரை இல்லை. கூரைக்கல் விழாமல் நின்ற பாதியில் நாலைந்து தூண்கள் சாய்ந்தும் சாயாமலும் நின்றன. அன்னத்தாய் கையில் இருந்த குச்சியால் இருட்டு மூலைகளையெல்லாம் தட்டிப் பார்த்த பிறகுதான் யாரையும் உட்காரவிட்டாள். “கல்லிடுக்குல கைய விட்றாதீக. நமக்கு மட்டுமா நெழலு வேணும், தேளுக்கும் பாம்புக்கும் வேணும்ல,” என்றாள். ஜெபராணி ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்தாள். யாளி ஒன்றின் வாயைப் பார்த்து, “எங்க சித்தப்பா கொட்டாவி விட்டா இப்பிடித்தான் இருக்கும்,” என்றாள். இரண்டு பெண்களும் அதற்கு ரொம்ப நேரம் சிரித்தார்கள்.

கல் இளஞ்சூடாக ஆனதும் அன்னத்தாய் கிளம்பிவிட்டாள். படி இறங்கிப் பாறையைச் சுற்றிப் பின்பக்கம் போனால் ஒரு புளியந்தோப்பும் கிணறும் உண்டு. சாப்பாட்டுக் கூடையும் தண்ணீர்ப் பானையும் வேனோடு அங்கே போயிருந்தன.

“வாங்க, எறங்கலாம்,” என்றாள்.

குருசாமி ஞானசிகாமணியைப் பார்த்தார். அவர் ஒரு தூணருகே நகராமல் நின்றார். “நீங்க போங்க. நான் நின்னு பாத்துட்டு வாரேன்,” என்றார் குருசாமி. அவன் போனதும் போவோம் என்பது அவர் கணக்கு. ஞானசிகாமணியும் ஜெபராணியிடம் அதையேதான் சொன்னார். பெண்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு பாறையைத் தாண்டி இறங்கிப் போனார்கள்.

ஞானசிகாமணி நின்ற தூணில் ஒரு ஆள் கைகூப்பி நின்றான். கோயில் கட்டியவனோ, கட்டக் காசு கொடுத்தவனோ தெரியாது. சிற்பி அவன் முகத்தைவிட இடுப்புத் துணியில்தான் அதிகம் உழைத்திருந்தான். மடிப்பு மடிப்பாக, கீழே கரையோடு, கணுக்கால் வரை விழுந்த துணி. ஞானசிகாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து, விரலால் மடிப்புகளை எண்ணினார்.

“பத்து முழம்,” என்று தனக்குள் சொன்னார். ஆனால் மண்டபத்தில் எல்லாம் எதிரொலித்தது.

குருசாமியால் அதைத் தாங்க முடியவில்லை. நேரே அவரிடம் பேசவும் முடியாது. சிலையைப் பார்த்துச் சொன்னார்: “ஏய்யா, நீ கட்டியிருக்கிறது எட்டு முழம்தான. பத்து முழம்னு சொல்லி ஒன் தலையில கட்டிட்டாகளா?”

ஞானசிகாமணியும் சிலையிடமே பேசினார். “எட்டு முழத்துல இத்தன கொசுவம் எங்கிட்டு வரும், சொல்லு. எட்டு முழம்னா ஒரு சலவையில தொடைக்கு ஏறிருக்கும்.”

“கரையப் பாத்தா பட்டு மாதிரி இருக்கு. பட்டு எட்டு முழம் போதும்னு சொல்லுய்யா.”

“பட்டு இப்பிடி ஒடம்போட ஒட்டி நிக்காதுன்னு சொல்லு. இது நூலு. நல்ல சன்ன நூலு. தெரு தெரியாத நூலு.”

கல்லாக நின்றவன் இரண்டு பேருக்கும் கைகூப்பிக்கொண்டிருந்தான். வாதம் கரைக்கு வந்தது, கரையிலிருந்து சாயத்துக்குப் போனது, சாயத்திலிருந்து சேலம் சரக்கா மதுரைச் சரக்கா என்று போனது. எப்போது சிலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள் என்று பிறகு இருவருக்குமே நினைவில்லை.

தொண்டை வறண்ட பிறகுதான் குருசாமி வெளியே பார்த்தார். பாறை வெள்ளையாகக் கண்ணைக் கூசச் செய்தது. அதன்மேல் காற்று நெளிந்தது. அந்தக் கோடியில், படி இறங்கி முடியும் இடத்தில், இரண்டு ஜோடி செருப்புகளும் கிடந்தன.

“போதும் பேச்சு,” என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நிழலை விட்டு வெளியே காலை வைத்தார். வைத்த காலை எடுக்க மறுகாலை வைத்தார். அதை எடுக்க இந்தக் காலை வைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் கரகாட்டம் மாதிரி இருந்திருக்கும். போன வேகத்தைவிட அதிக வேகத்தில் மண்டபத்துக்குள் வந்து விழுந்து, பாதங்களைப் பிடித்துக்கொண்டு ஊதினார்.

ஞானசிகாமணி சத்தமில்லாமல் சிரித்தார். வயிறு மட்டும் குலுங்கியது. “ஓடுனா சூடு அதிகமாத்தான் இருக்கும். நெதானமா நடக்கணும். சூடுங்கிறது மனசுல இருக்கு,” என்று சொல்லி நிமிர்ந்த நெஞ்சோடு பாறையில் இறங்கினார். கொஞ்ச தூரம் நிதானமாகத்தான் நடந்தார். பிறகு நின்றார். பிறகு, “யேசுவே,” என்று சொல்லியபடி முயல் போலத் தாவித் தாவித் திரும்பி வந்தார்.

இப்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

கத்திப் பார்த்தார்கள். “தங்கபாண்டி” என்று குருசாமியும், “ஜெபா” என்று ஞானசிகாமணியும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். வேன் பாறைக்குப் பின்னால் இருந்தது. தங்கபாண்டி புளியமரத்தடியில் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பெண்களுக்கு மட்டும் மேலே ஏதோ சத்தம் கேட்டது.

“கூப்பிடுறாகளோ?” என்று கேட்டாள் ஜெபராணி.

அன்னத்தாய் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஆண்குரல் இரண்டும் மாறி மாறி வருவது மட்டும் தெரிந்தது. “பேசிக்கிறாக ஜெபா,” என்றாள். “ஒரு வருசத்துப் பேச்சு. கொஞ்சம் விடு. நாம போயிக் கெடுத்துறக் கூடாது.”

மேலே நேரம் போகப் போகப் புழுக்கம் ஏறியது. டெரிலின் சட்டைகள் முதுகோடு ஒட்டிக்கொண்டன. குருசாமி சட்டையைக் கழற்றிக் காலில் சுற்றலாமா என்று யோசித்து, “டெரிலின் சூட்டுல உருகி ஒட்டிக்கிரும்,” என்று அவரே விட்டுவிட்டார். ஞானசிகாமணி முதலில் தண்ணீர் பற்றிப் பேசினார். பிறகு மோர் பற்றிப் பேசினார். பிறகு சிலையைப் பார்த்து, “பத்து முழம்” என்று ஒருதரம் சொன்னார். அதற்குப் பிறகு பேசவில்லை.

குருசாமி, “எட்டு” என்றார். பதில் வரவில்லை. “எட்டு முழம், பட்டு,” என்று மறுபடி சீண்டிப் பார்த்தார். ஞானசிகாமணி தூணில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். முகம் சிவந்து உதடு காய்ந்திருந்தது.

குருசாமிக்குப் பயம் வந்தது. ஒரு வருஷமாக அந்த முகத்தை அவர் எதிரே பார்த்துக்கொண்டிருக்கிறார். கோபமாகப் பார்த்திருக்கிறார், ஏளனமாகப் பார்த்திருக்கிறார். வாடிப் போய்ப் பார்த்ததில்லை.

“அண்ணாச்சி,” என்று தோளைத் தொட்டு உலுக்கினார். “இந்தாங்க, கண்ணத் தெறங்க. கீழ போயிருவோம்.”

“எப்பிடி?” என்றார் ஞானசிகாமணி, கண்ணைத் திறக்காமல்.

“வேட்டியக் கிழிச்சுக் காலுல கட்டிக்கிருவோம்.”

ஞானசிகாமணி கண்ணைத் திறந்தார். “யாரு வேட்டிய?”

இது பெரிய கேள்வி. கிழிந்தால் கடைக்கு அவமானம். கிழியாவிட்டால் கால் வெந்துபோகும். “ஒங்க வேட்டியே போதும் அண்ணாச்சி, லேசாக் கிழியும்,” என்றார் குருசாமி. “ஒங்களுது இன்னும் லேசாக் கிழியும். தெருவ எட்டிப் பாத்த வேட்டிதான,” என்றார் ஞானசிகாமணி. உயிர் போகிற மாதிரி இருந்தவர் அதைச் சொல்லும்போது நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் இரண்டையும் கிழிப்பது என்று முடிவாயிற்று. அவர் வேட்டியை இவரும் இவர் வேட்டியை அவரும் கிழிக்க வேண்டும். இருவரும் எழுந்து நின்று அவிழ்த்தார்கள். ஞானசிகாமணி வேட்டியைக் குருசாமி கையில் வாங்கி ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஞானசிகாமணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றது, வியாபாரத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் ஒன்று. ஆனால் குருசாமியின் வேட்டியும் அவர் கையில் கிழிய மறுத்தது. கல்விளிம்பில் உரசி, முழங்காலால் அழுத்தி, ஒருவழியாகக் கிழித்தார்கள். கிழியும்போது இரண்டு வேட்டியும் ஒரே மாதிரித்தான் சத்தம் போட்டன.

அப்போதுதான் ஞானசிகாமணி குருசாமியின் பட்டாபட்டி அண்டர்வேரைக் கவனித்தார். பச்சைப் பட்டைக்கு நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. அது ஈரோட்டிலிருந்து அவர் தனியாகச் சொல்லி வரவழைக்கிற டிசைன். தேனியில் வேறு கடையில் கிடையாது.

“இது எங்க எடுத்தீக?”

குருசாமி குனிந்து பார்த்தார். “வீட்டுல எடுத்து வச்சாக. போட்டுக்கிட்டேன்.”

“நல்ல துணி,” என்றார் ஞானசிகாமணி. அன்னத்தாய் மாதாமாதம் பின்வாசல் வழியாக ஜெபராணியைப் பார்க்க வருவது எதற்கு என்று அவருக்கு அன்றுதான் புரிந்தது.

பாதத்தில் கனமாகத் துணியைச் சுற்றி, மிச்சத்தைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு இருவரும் பாறையில் இறங்கினார்கள். துணிவழியாகச் சூடு வந்தது, ஆனால் தாங்கலாம் போல இருந்தது. பாதித் தூரத்தில் ஞானசிகாமணியின் இடதுகால் கட்டு அவிழ்ந்து பின்னால் வால்போல இழுபட்டது. அவர் ஒற்றைக்காலில் நின்றார். குனிந்து கட்டப் போனால் தலை சுற்றியது.

குருசாமி திரும்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். முன்னால் வந்து குனிந்து முதுகைக் காட்டினார்.

“ஏறுங்க.”

“நான் கனமா இருப்பேன் முதலாளி.”

“தெரியும். ஏறுங்க.”

குருசாமி ஒல்லி. ஞானசிகாமணி அப்படி இல்லை. சின்னப் பிள்ளைகள் உப்புமூட்டை தூக்குகிற மாதிரி அவரைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் தள்ளாட, ஒவ்வொரு அடிக்கும் ஒரு முனகலோடு குருசாமி நடந்தார். முதுகில் இருந்தபடியே ஞானசிகாமணி, “வலது பக்கம் வாங்க, அங்கன நெழலு இருக்கு,” என்று வழி சொன்னார். “வாய மூடிக்கிட்டு வாங்க அண்ணாச்சி,” என்றார் குருசாமி.

படியடியில் வேப்பமர நிழலில் இருளம்மாள் என்ற கிழவி ஆடுகளை ஒதுங்கவிட்டு நின்றிருந்தாள். ஊதாச் சட்டையும் பச்சைச் சட்டையும் பட்டாபட்டியும் தலையில் முக்காடுமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறி வருவதைப் பார்த்ததும் ஆடுகள் நாலு திசையிலும் சிதறின. அவள் கோலை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

“யாருய்யா நீங்க?”

“தேனி,” என்றார் குருசாமி மூச்சு வாங்க. “ஜவுளிக் கடை வச்சிருக்கோம்.”

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேருந்தான்.”

“ஜவுளிக் கடைக்காரகளுக்கா உடுத்தத் துணி இல்லாமப் போச்சு,” என்றாள் இருளம்மாள். அதில் கேலி ஒன்றும் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டாள். பிறகு, கிணற்றடியில் பெண்ணாட்கள் இருக்கிறார்கள், இந்தக் கோலத்தில் அந்தப் பக்கம் போய்விட வேண்டாம் என்று எச்சரித்துவிட்டு, ஆடுகளைத் தேடிப் போனாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணாட்களிடம்தான் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஜெபராணி கணவரைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். அன்னத்தாய் அவரை நிழலில் சாய்த்து உட்கார வைத்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொல்லி, ஈரத்துணியைப் பிடரியில் போட்டாள். தூக்குவாளி மூடியில் உப்பு மோரை ஊற்றிக் கொடுத்தாள். “மடக்கு மடக்குன்னு குடிக்காதீகண்ணே. வாய் நனைச்சு நனைச்சுக் குடிங்க. இல்லேன்னா அம்புட்டும் வெளிய வந்துரும்.” மூன்றாவது மூடிக்குப் பிறகு ஞானசிகாமணிக்கு வேர்க்க ஆரம்பித்தது. நாலாவதைக் குடித்துவிட்டு, “பத்து முழந்தான்,” என்றார். குருசாமி அப்போதுதான் தன் பங்கு மோரை எடுத்துக் குடித்தார்.

“அவ்வளவு நேரம் கத்துனோம். ஒருத்தருக்கும் காது கேக்கலையா?” என்று கேட்டார் மனைவியிடம்.

“கேட்டுச்சு. சிரிச்சுப் பேசுறீகன்னு நெனச்சோம்,” என்றாள் அன்னத்தாய், புளியோதரையை இலையில் வைத்தபடி.

சாப்பிட்டு, மரத்தடியில் படுத்து எழுந்து, வெயில் தாழ்ந்தபின் கிளம்பினார்கள். வந்த சிக்கல் உடுப்புதான். கிழிந்த வேட்டியில் உடுத்துகிற அளவுக்கு எதுவும் மிச்சமில்லை. விரித்துச் சாப்பிட்ட ஜமுக்காளம் ஒன்றுதான் இருந்தது. ஆகவே இருவரும் பின்சீட்டில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஒரே ஜமுக்காளத்தை மடியில் போட்டுக்கொண்டார்கள். வேன் குலுங்கும்போது ஒருவர் இழுத்தால் மற்றவருக்குக் குறைந்தது. “இழுக்காதீக முதலாளி.” “நீங்க மொதல்ல அந்தப் பக்கம் விடுங்க.”

இப்படியே தேனி கடைவீதிக்குள் போய் இறங்க முடியாது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கடமலைக்குண்டில் வேனை நிறுத்தச் சொன்னார்கள். ரோட்டோரத்தில் சுந்தர்ராஜ் என்பவர் வைத்திருந்த சின்னத் துணிக்கடை ஒன்று திறந்திருந்தது. பெண்கள் இருவரும் இறங்கிப் போனார்கள். கணவர்கள் ஜமுக்காளத்துக்குள் குனிந்து, ஜன்னல் பக்கம் முகம் தெரியாமல் இருந்தார்கள்.

இரண்டு வேட்டிகள் வந்தன. வேன் கிளம்பியதும் உட்கார்ந்தபடியே சிரமப்பட்டுக் கட்டிக்கொண்டார்கள். கட்டி முடித்ததும் குருசாமி கரையை விரலால் தேய்த்துப் பார்த்தார். ஞானசிகாமணி நுனியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்னண்ணாச்சி துணி இது,” என்றார் குருசாமி.

“சல்லடை,” என்றார் ஞானசிகாமணி. “மாவு சலிக்கலாம்.”

“ஒரு சலவை தாங்குமா?”

“சலவையா? மழையில நனைஞ்சாலே முழங்காலுக்கு வந்துரும்.”

“இத ஒருத்தன் கடையில வச்சு விக்கிறான் பாருங்க. வாங்குற சனத்தச் சொல்லணும்.”

“நம்ம ரெண்டு பேரு கடையும் இருக்குற சுத்துவட்டாரத்துல இப்பிடி ஒரு சரக்கு நடமாடுதுன்னா, நமக்குத்தான் கேவலம் முதலாளி.”

ஒரு வருஷத்தில் எந்த விஷயத்திலும் அவர்கள் இவ்வளவு ஒத்துப்போனதில்லை. நெசவைத் திட்டினார்கள், கரையைத் திட்டினார்கள், மடித்த விதத்தைக்கூடத் திட்டினார்கள். கண்டமனூர் தாண்டும்வரை வேனுக்குள் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. தங்கபாண்டி கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துவிட்டு மெதுவாக ஓட்டினான்.

முன்சீட்டிலிருந்து அன்னத்தாய் திரும்பினாள். “அந்தக் கடைக்காரரு நல்ல மனுசரு. தேனிக்குப் போறோம்னதும் விசாரிச்சாரு.”

“என்ன விசாரிச்சான்?”

“சரக்கெல்லாம் தேனியிலருந்துதான் எடுக்குறாராம். எதிரெதிர ரெண்டு பெரிய கடை இருக்கு, பாதி அங்கன, பாதி இங்கன எடுப்பேன்னாரு. நீங்க கட்டியிருக்கிற ரெண்டும் ஆளுக்கொரு கடைது. எது யாருதுன்னு அவருக்கே நெனப்பு இல்லையாம்.”

ஜெபராணி சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தாள்.

குருசாமி தன் மடியில் கிடந்த வேட்டியைப் பார்த்தார். பிறகு பக்கத்து மடியைப் பார்த்தார். ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, வேட்டி நுனியை இன்னொரு தடவை தூக்கிப் பிடித்தார்.

“பாக்கப் பாக்க அவ்வளவு மோசமில்ல,” என்றார்.

“நானும் அதத்தான் நெனச்சேன் அண்ணாச்சி,” என்றார் குருசாமி. “வெயில் காலத்துக்குக் காத்து போகணும்ல.”